வயிறு நிறைந்தும் வாய் கேட்பது ஏன்? பதப்படுத்திய உணவும் மூளையும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

உணவு ஆலோசனைக்கு வருகிறவர்கள் கலோரிக் கணக்கைவிட இதைத்தான் அதிகம் கேட்கிறார்கள்: "வேண்டாம்னு தெரியுது, ஆனாலும் கை போகுதே, ஏன்?" அதைத் தொடர்ந்து வரும் சந்தேகங்களும் பெரும்பாலும் ஒன்றுபோலவே இருக்கின்றன. கேட்டவர்கள் கேட்ட வாக்கிலேயே அவற்றை இங்கே தொகுத்திருக்கிறேன். ஒரு பதில் இன்னொன்றைச் சார்ந்திருப்பதால் வரிசையாகப் படிப்பது நல்லது.

1. பதப்படுத்தின உணவுன்னா எல்லாமே ஆகாதா? தயிர்கூட பதப்படுத்தினதுதானே?

எல்லாமே ஆகாது என்பதில்லை. அரைப்பது, காயவைப்பது, புளிக்கவைப்பது, உறையவைப்பது எல்லாம் பதப்படுத்தல்தான். மனிதன் காலங்காலமாகச் செய்து வருவது. அதில் எந்தத் தவறும் இல்லை.

பிரேசிலின் சாவ் பாவ்லோ பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த கார்லோஸ் மொன்தெய்ரோவும் அவருடைய குழுவினரும் 2009-இல் தொடங்கி உருவாக்கிய 'நோவா' என்ற பகுப்பு உணவை நான்காகப் பிரிக்கிறது. முதலாவது, இயற்கையாகவோ சிறிதளவே பதப்படுத்தியோ உண்பவை. இரண்டாவது, எண்ணெய், உப்பு, சர்க்கரை போன்ற சமையல் பொருட்கள். மூன்றாவது, இவ்விரண்டும் சேர்ந்த எளிய பதப்படுத்தல். நான்காவதுதான் நம் விஷயம். ஆலையில் தானியத்தையும் எண்ணெய் வித்தையும் மாவுச்சத்து, புரதம், கொழுப்பு என்று பிரித்தெடுத்து, சுவையூட்டி, நிறமூட்டி, எண்ணெயும் நீரும் பிரியாமல் பிடித்து வைக்கும் குழைமம் எல்லாம் சேர்த்து மறுபடி ஓர் உருவம் கொடுத்து விற்பவை. இந்தப் பக்கத்தில் 'ஆலை உணவு' என்று சொல்வதெல்லாம் இந்த நான்காம் வகையைத்தான். தயிர் இதில் வராது. சுவையும் நிறமும் ஏற்றிய இனிப்புத் தயிர் பெரும்பாலும் வரும்.

2. வயிறு முட்ட சாப்பிட்டாச்சு, ஆனா வாய் நமநமங்குது. இதுவும் பசிதானா?

இல்லை. உண்பதை நடத்துவதில் இரண்டு ஏற்பாடுகளுக்குப் பங்கு உண்டு. ஒன்று, உடலின் எரிபொருள் கணக்கைப் பார்ப்பது. வயிறு காலியாக இருக்கும்போது சுரக்கும் கிரெலின், கொழுப்புச் சேமிப்பைப் பற்றிச் சொல்லும் லெப்டின், குடலிலிருந்து வரும் நிறைவுச் செய்திகள் எல்லாம் மூளையின் அடிப்பகுதியில் உள்ள ஹைபோதலாமஸுக்குப் போகின்றன. இன்னொன்று, 'இது கிடைத்தால் நல்லது, விடாதே' என்று கற்றுக்கொண்டு தூண்டுகிற ஏற்பாடு. முதலாவது 'போதும்' என்று சொன்ன பிறகும் இரண்டாவது பேசிக்கொண்டே இருக்க முடியும்.

இதோடு இன்னொன்றும் சேர்கிறது. ஒரே சுவையைத் தொடர்ந்து சாப்பிட்டால் அந்தச் சுவை மட்டும் அலுக்கும், புதுச் சுவைக்கு இடம் இருக்கும். உணவு நடத்தை ஆய்வாளர் பார்பரா ரோல்ஸ் 1980-களின் தொடக்கத்திலேயே இதை ஆராய்ந்து காட்டினார். காரமாகச் சாப்பிட்டு முடித்த கையோடு இனிப்பு கேட்பது அதனால்தான். வேறு வேறு சத்து கிடைக்க வேண்டும் என்பதற்காக அமைந்த நல்ல ஏற்பாடு இது. ஒரே பொருள் பத்துச் சுவையில் பாக்கெட்டாக அடுக்கியிருக்கும் இடத்தில் அது நமக்கு எதிராகத் திரும்பிவிடுகிறது.

3. டோபமின் சுரக்கறதாலதான் ஜாலியா இருக்கு, அதான் சாப்பிடறோம்னு வீடியோல சொல்றாங்களே, சரியா?

பாதிதான் சரி. டோபமின் என்பது மூளை செல்கள் ஒன்றுக்கொன்று செய்தி சொல்லப் பயன்படுத்தும் ஒரு வேதிப்பொருள். மீதிப் பாதியைப் புரிந்துகொண்டால் இந்தப் பக்கத்தின் மற்ற பதில்கள் எல்லாம் எளிதாகிவிடும். அதனால் கொஞ்சம் நிதானமாகச் சொல்கிறேன்.

மிச்சிகன் பல்கலைக்கழகத்தின் கென்ட் பெரிட்ஜ் எலிகளின் மூளையில் டோபமினை ஏறத்தாழ முழுவதும் இல்லாமல் செய்து பார்த்தார். அந்த எலிகளின் நாக்கில் சர்க்கரைத் தண்ணீரை விட்டால் எப்போதும்போல் ரசித்து உதட்டை நக்கின. ஆனால் எதிரிலேயே உணவு இருந்தும் தேடிப் போய்ச் சாப்பிடவில்லை. அப்படியே விட்டால் பட்டினியில் செத்துவிடும். ஆக, ருசிப்பது வேறு, வேண்டும் என்று தவிப்பது வேறு. டோபமின் முக்கியமாக இரண்டாவதை நடத்துகிறது. ருசி அவ்வளவு ஒன்றும் இல்லை என்று உணர்ந்துகொண்டே கை அடுத்ததை எடுப்பது இந்தப் பிளவால்தான்.

இன்னொரு பரிசோதனை, மூளை ஆய்வாளர் வோல்ஃப்ராம் ஷுல்ட்ஸ் குரங்குகளிடம் செய்தது. எதிர்பாராமல் ஒரு சொட்டுப் பழரசம் கிடைத்தபோது குரங்கின் டோபமின் செல்கள் துடித்தன. பழரசத்துக்கு முன்னால் ஒரு விளக்கு எரியும் என்று குரங்கு கற்றுக்கொண்ட பிறகு, துடிப்பு விளக்குக்கு நகர்ந்துவிட்டது. பழரசம் வரும்போது ஒன்றும் இல்லை. விளக்கு எரிந்தும் பழரசம் வராவிட்டால், வரவேண்டிய அந்த நொடியில் துடிப்பு வழக்கத்துக்கும் கீழே இறங்கியது. அதாவது டோபமின் 'எதிர்பார்த்ததற்கும் கிடைத்ததற்கும் உள்ள வித்தியாசத்தை'ச் சொல்கிறது. மூளை அதை வைத்துக் கற்றுக்கொள்கிறது. தின்னும் ஆசை என்பது இப்படிக் கற்ற ஓர் எதிர்பார்ப்பு. இதைத்தான் வருகிறவர்களிடம் நான் திரும்பத் திரும்பச் சொல்கிறேன்.

4. பாக்கெட்டைப் பிரிக்கற சத்தம் கேட்டாலே எனக்கு எச்சில் ஊறுது. இது எல்லாருக்கும் இருக்கா?

இருக்கும். மேலே சொன்ன விளக்குதான் உங்களுக்கு அந்தச் சத்தம். சிலருக்கு மாலை நான்கு மணி, சிலருக்குத் தொலைக்காட்சி முன் உட்காரும் நாற்காலி, சிலருக்கு வேலை முடிந்து வரும் வழி. ஆலை உணவுக்கு இதில் ஒரு வசதி இருக்கிறது: அது ஒவ்வொரு முறையும் ஒன்றுபோலவே இருக்கும். ஒரு மாம்பழம் இனிக்கும், இன்னொன்று புளிக்கும். பாக்கெட்டின் நிறம், எழுத்து, வாசனை, முதல் கடி எதுவும் மாறுவதில்லை. அடையாளமும் பலனும் இப்படிப் பிசகாமல் சேர்ந்து வரும்போது மூளை வேகமாகவும் உறுதியாகவும் கற்கிறது.

5. சர்க்கரைதான் காரணமா, கொழுப்புதான் காரணமா? ஒரு முடிவுக்கு வாங்க.

இரண்டும் சேர்வதுதான். 2018-இல் மூளை ஆய்வாளர் டேனா ஸ்மாலின் குழு ஓர் ஆய்வு செய்தது. மாவுச்சத்தும் சர்க்கரையும் மிகுந்தவை, கொழுப்பு மிகுந்தவை, இரண்டும் கலந்தவை என மூன்று வகைத் தின்பண்டங்களின் படங்களைக் காட்டி, ஏலத்தில் கேட்பதுபோல் விலை சொல்லச் சொன்னார்கள். கலோரி ஒன்றாக இருந்தும், பிடித்த அளவு ஒன்றாக இருந்தும், கலந்த பண்டத்துக்கே மக்கள் கூடுதல் விலை கொடுக்கத் தயாராக இருந்தார்கள். மூளையில் பலனைக் கணிக்கும் ஸ்ட்ரையேட்டம் பகுதியின் துலங்கலும், கொழுப்புக்கும் மாவுக்கும் தனித்தனியாக எழும் துலங்கலின் கூட்டுத்தொகையை மிஞ்சியது.

தாய்ப்பாலை விட்டால் இவை இரண்டும் ஒரே பொருளில் நிறைய இருப்பது இயற்கையில் அரிது. பழத்தில் சர்க்கரை உண்டு, கொழுப்பு இல்லை. இறைச்சியில் கொழுப்பு உண்டு, சர்க்கரை இல்லை. ஐஸ்கிரீம், சாக்லேட், கிரீம் பிஸ்கட் மூன்றிலும் இரண்டும் உண்டு. கன்சாஸ் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2019-இல் 'மிகைச்சுவை' உணவுக்கு அளவுகோல் வகுத்தபோதும் கூட்டணிகளைத்தான் எடுத்துக்கொண்டார்கள்: கொழுப்போடு உப்பு, கொழுப்போடு சர்க்கரை, மாவுச்சத்தோடு உப்பு.

6. ஒரே ஒரு சிப்ஸ்னு எடுத்தேன், பாக்கெட்டே காலி. எப்படி?

அந்த ஒரு துண்டையே பார்ப்போம். உப்பு மேற்பரப்பில் பொடியாக இருப்பதால் நாக்கில் பட்டதும் கரைகிறது, சுவை உடனே ஏறுகிறது. கடிக்கும்போது எழும் 'மொறுக்' சத்தம் அடுத்தது. ஆக்ஸ்ஃபோர்டில் சார்ல்ஸ் ஸ்பென்ஸும் மாசிமிலியானோ சாம்பினியும் 2004-இல் ஹெட்ஃபோன் வழியாக, தின்பவர்களின் கடி ஒலியை அவர்களுக்கே கூட்டியும் குறைத்தும் கேட்கவைத்தார்கள். ஒலி கூடியபோது அதே சிப்ஸ் இன்னும் மொறுமொறுப்பாக, புதிதாகத் தெரிந்தது. அப்புறம், கடித்தது இரண்டு மூன்று மெல்லலில் குழைந்து போய்விடுகிறது. வாயில் கனம் தங்குவதில்லை. குடலிலிருந்து 'போதும்' என்ற செய்தி மூளைக்கு வந்து சேரச் சில நிமிடங்கள் ஆகும். அதற்குள் பாதிப் பாக்கெட் உள்ளே போயிருக்கும்.

இது தற்செயலாக அமைந்ததல்ல. சந்தை ஆய்வாளர் ஹோவர்ட் மாஸ்கோவிட்ஸ் 1970-களிலிருந்து இதை ஒரு கணக்காகவே செய்தார். சர்க்கரையைக் கூட்டிக்கொண்டே போனால் பிடித்தம் ஓர் உச்சம் வரை ஏறும், அதைத் தாண்டினால் இறங்கும். பல கலவைகளைப் பலரிடம் சோதித்து அந்த உச்சத்தைப் பிடிப்பதுதான் அவருடைய வேலை. இவ்வளவு உழைப்பை எதிரில் நிறுத்திவிட்டு, பாக்கெட்டைக் காலி செய்தவரைப் பார்த்து 'உனக்குக் கட்டுப்பாடு இல்லை' என்பது நியாயமே இல்லை.

7. சரி, சர்க்கரை இல்லாத டயட் பானம் குடிச்சா மூளை ஏமாந்துடுமா?

நாக்கு ஏமாறும், குடல் ஏமாறாது. 2008-இல் வெளியான ஓர் ஆய்வில், இனிப்புச் சுவையையே உணர முடியாத எலிகள்கூடச் சில நாட்களில் சர்க்கரைத் தண்ணீர் இருந்த பக்கமே போகக் கற்றுக்கொண்டன. 2020-இல் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் சார்ல்ஸ் சுக்கரின் குழு இதன் வழியைக் காட்டியது. குடல் சர்க்கரையை உணர்ந்து, குடலையும் மூளையையும் இணைக்கும் வேகஸ் நரம்பு வழியாக மூளைத்தண்டுக்குச் செய்தி அனுப்புகிறது. செயற்கை இனிப்புக்கு அந்த வழி திறப்பதில்லை.

தினமும் பல பாட்டில் சர்க்கரைப் பானம் குடிப்பவர் அதிலிருந்து இறங்கி வர டயட் பானம் ஒரு படியாக உதவலாம். ஆனால் நீண்ட கால எடைக் கட்டுப்பாட்டுக்குச் செயற்கை இனிப்புகளை நம்ப வேண்டாம் என்றுதான் உலக சுகாதார நிறுவனம் 2023-இல் பரிந்துரைத்தது.

8. கலோரி ஒண்ணுதானே? அளவா சாப்பிட்டா எந்த உணவா இருந்தா என்ன?

அந்த 'அளவா' என்பதில்தான் சிக்கலே. அமெரிக்க தேசிய சுகாதார நிறுவனத்தில் கெவின் ஹால் 2019-இல் வெளியிட்ட ஆய்வில் 20 பேர் நான்கு வாரம் ஆய்வுக்கூடத்திலேயே தங்கினார்கள். இரண்டு வாரம் ஆலை உணவு, இரண்டு வாரம் சாதாரணச் சமையல். பரிமாறிய கலோரி, சர்க்கரை, கொழுப்பு, நார்ச்சத்து, உப்பு எல்லாம் இரண்டிலும் ஏறத்தாழ சமம். வேண்டிய அளவு சாப்பிடலாம், மிச்சமும் வைக்கலாம். ஆலை உணவு வாரங்களில் அவர்கள் நாளொன்றுக்குச் சுமார் 500 கலோரி கூடுதலாகச் சாப்பிட்டார்கள், சுமார் 0.9 கிலோ ஏறினார்கள். மற்ற இரண்டு வாரத்தில் அதே அளவு இறங்கினார்கள்.

இதில் என்னை மிகவும் யோசிக்கவைத்தது வேறொன்று. 'எது சுவையாக இருந்தது?' என்று கேட்டபோது அவர்கள் இரண்டுக்கும் ஏறத்தாழ ஒரே மதிப்பெண் கொடுத்தார்கள். அதிகம் ருசித்ததால் அதிகம் சாப்பிட்டார்கள் என்று சொல்ல வழியில்லை. ஆலை உணவை அவர்கள் வேகமாகச் சாப்பிட்டார்கள். ஒரு வாய்க்குள் அடங்கும் கலோரியும் அதில் அதிகம்.

2025-இல் லண்டன் பல்கலைக்கழகக் கல்லூரி வெளியிட்ட ஆய்வு இன்னும் ஒரு படி போனது. இரண்டு உணவு முறையுமே அரசின் சத்துணவு வழிகாட்டுதல்படி இருந்தன. இரண்டிலும் எடை குறைந்தது, ஆனால் குறைவாகப் பதப்படுத்திய உணவில் ஏறத்தாழ இரு மடங்கு குறைந்தது. ஆசையைக் கட்டுப்படுத்துவதும் அதில் எளிதாக இருந்தது.

9. அப்போ இது போதைப்பொருள் மாதிரின்னு சொல்லலாமா?

நிபுணர்களே இன்னும் வாதாடிக்கொண்டிருக்கும் கேள்வி இது. 'ஆம்' என்பவர்கள் காட்டும் சான்று: 2010-இல் பால் ஜான்சன், பால் கென்னி இருவரும் எலிகளுக்கு நாள் முழுவதும் கேக், பன்றிக் கொழுப்பு இறைச்சி போன்றவற்றைக் கொடுத்தார்கள். மூளையில் டோபமினின் செய்தியை வாங்கிக்கொள்ளும் டி2 என்ற வகை ஏற்பிகள் குறைந்தன. ஷாக் வரப்போகிறது என்று கற்றிருந்த விளக்கு எரிந்தபோதும் அந்த எலிகள் தின்பதை நிறுத்தவில்லை. மனிதர்களுக்காக ஆஷ்லி கியர்ஹார்ட் 2009-இல் உருவாக்கிய யேல் உணவு அடிமைமை அளவுகோலில் பலர் போதைக்குரிய அறிகுறிகளைக் காட்டுகிறார்கள்.

மறுபக்கம், மனநோய்களின் அதிகாரபூர்வப் பட்டியலான டிஎஸ்எம்-5-இல் 'உணவு போதை' இடம்பெறவில்லை. கெவின் ஹால் குழு 2025-இல் 50 பேருக்கு மில்க்‌ஷேக் கொடுத்து மூளையை ஸ்கேன் செய்தபோது, போதைப்பொருளுக்கு ஏற்படுவதுபோன்ற பெரிய டோபமின் எழுச்சி சராசரியில் தென்படவில்லை. ஆளுக்கு ஆள் பெரிதும் மாறுபட்டது. ஆகவே 'சர்க்கரையும் கொகெயினும் ஒன்று' என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். கற்றுக்கொடுக்கும் வழி ஒத்திருக்கிறது, வீச்சு ஒன்றல்ல.

ஒன்று மட்டும் கண்டிப்பாகச் சொல்ல வேண்டும். குறுகிய நேரத்தில் நிறுத்த முடியாமல் மிக அதிகமாகச் சாப்பிடுவது, ஒளிந்து சாப்பிடுவது, பிறகு குற்ற உணர்வில் வாந்தி எடுப்பது அல்லது பட்டினி கிடப்பது என்றெல்லாம் இருந்தால், அது சிகிச்சை உள்ள நோய். மருத்துவரைப் பாருங்கள். இந்தப் பக்கம் அதற்குப் போதாது.

10. என் கூட இருக்கறவங்க ஒண்ணு சாப்பிட்டு நிறுத்திடறாங்க. எனக்கு மட்டும் ஏன் முடியல?

பிறவியிலேயே வேறுபாடு உண்டு. ஆனால் நாம் மாற்றக்கூடிய இரண்டு காரணங்களைச் சொல்கிறேன். முதலாவது தூக்கம். சிகாகோ பல்கலைக்கழகத்தின் 2004 ஆய்வில், இரண்டே இரவு நான்கு மணி நேரம் மட்டும் தூங்கவிட்ட இளைஞர்களுக்கு லெப்டின் 18 சதவீதம் குறைந்தது, கிரெலின் 28 சதவீதம் கூடியது. இனிப்பும் உப்பும் மாவும் நிறைந்த பண்டங்கள்மேல்தான் ஆசை அதிகம் ஏறியது.

இரண்டாவது, எவ்வளவு நாளாக எதைச் சாப்பிட்டு வருகிறீர்கள் என்பது. ஜெர்மனியின் கொலோன் நகரில் மேக்ஸ் பிளாங்க் நிறுவன ஆய்வாளர்கள் 2023-இல் வெளியிட்டது இது: ஒரு குழுவுக்கு வழக்கமான சாப்பாட்டோடு தினமும் கொழுப்பும் சர்க்கரையும் மிகுந்த ஒரு சின்ன புட்டிங், எட்டு வாரத்துக்கு. இன்னொரு குழுவுக்கு அதே கலோரியில், கொழுப்பும் சர்க்கரையும் குறைந்த புட்டிங். எடை இரண்டு குழுவிலும் வித்தியாசப்படவில்லை. ஆனால் முதல் குழுவுக்குக் கொழுப்புக் குறைந்த உணவு முன்போல் பிடிக்கவில்லை, மில்க்‌ஷேக்குக்கு மூளை காட்டிய துலங்கலும் கூடிவிட்டது. ஒரு சின்ன புட்டிங், எட்டு வாரம், அவ்வளவுதான். 'தினமும் கொஞ்சம்தானே' என்று விடுவது ஏன் எனக்குக் கவலை தருகிறது என்று இப்போது புரியும்.

11. குழந்தை காய் சாப்பிட்டா சாக்லேட் தர்றேன்னு சொல்றேன். தப்பா?

நல்ல எண்ணம்தான், ஆனால் பாடம் தலைகீழாகப் போய்ச் சேரும். பரிசாகக் கொடுக்கப்படும் உணவின்மேல் குழந்தைக்கு விருப்பம் கூடுகிறது. சாப்பிட்டால் பரிசு என்று சொன்ன உணவு 'கஷ்டப்பட்டு முடிக்க வேண்டியது' ஆகிவிடுகிறது. குழந்தைகளுக்குப் பெரியவர்களைவிட அதிக இனிப்பு பிடிப்பது இயல்பு. வளர வளரக் குறையும். புதுக் காயை வற்புறுத்தாமல் எட்டுப் பத்து முறையாவது தட்டில் வையுங்கள். பழகும்.

12. முழுசா நிறுத்தணுமா, கொஞ்சம் கொஞ்சமாவா? 21 நாள்ல போயிடும்னு சொல்றாங்களே?

21 நாள் கணக்குக்கு ஆதாரம் இல்லை. உப்புக்கும் சர்க்கரைக்கும் வழி வேறு வேறு. ஃபிலடெல்ஃபியாவின் மோனெல் ஆய்வு மையம் 1982-இல் வெளியிட்ட ஆய்வில், உப்பைக் குறைத்து ஐந்து மாதம் சாப்பிட்டவர்களுக்கு முன்பு பிடித்த உப்பளவு அதிகமாகத் தெரிய ஆரம்பித்தது. ஆகவே உப்பைப் படிப்படியாகக் குறைத்தால் நாக்கே ஒத்துழைக்கும். அதே மையத்தின் 2016 ஆய்வில் சர்க்கரையை மூன்று மாதம் குறைத்தவர்களுக்கு இனிப்பு தூக்கலாகத் தெரிந்தது, ஆனால் எவ்வளவு இனிப்பு பிடிக்கும் என்பது பெரிதாக மாறவில்லை.

இனிப்பு விஷயத்தில் நாக்கு மாறும் என்று காத்திருப்பதைவிட, நான்காம் கேள்வியில் பார்த்த அடையாளங்களை மாற்றுவது பலன் தரும். வீட்டில் வாங்கி வைக்காதீர்கள். அதே நாற்காலி, அதே நேரம் என்ற சேர்க்கையை உடையுங்கள். முழுதாக நிறுத்துவதா குறைப்பதா என்பது ஆளைப் பொறுத்தது. ஒன்றோடு நிறுத்த முடியாத அந்தக் குறிப்பிட்ட பண்டம் ஒன்றிரண்டு எல்லோருக்கும் உண்டு. அவற்றை மட்டும் முழுதாக விட்டுவிட்டு, மற்றவற்றில் தளர்வாக இருப்பது பலருக்கும் ஒத்துவருகிறது.

13. ஆசை வந்த அந்த நிமிஷத்துல என்ன செய்யறது? நினைக்கக் கூடாதுன்னு நினைச்சா இன்னும் நினைப்பு வருது.

வரும், அது மூளையின் இயல்பு. நினைப்பை அடக்க வேண்டாம், அதன் படத்தைக் கலையுங்கள். ஆசை பெருகுவது மனக்கண்ணில் அந்தப் பண்டம் தெளிவாகத் தெரிவதால்தான். பார்வை சார்ந்த வேறு வேலை கொடுத்தால் படம் மங்குகிறது. பிளிமத் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் விழும் கட்டங்களை அடுக்கும் டெட்ரிஸ் என்ற வீடியோ விளையாட்டைச் சில நிமிடம் ஆடவைத்தே ஆசையைத் தணித்துக் காட்டினார்கள். களிமண் பிசைவதும் உதவுகிறது. நிஜப் பசியும் கூடவே இருந்தால் விளையாட்டை மட்டும் நம்ப வேண்டாம். முதலில் புரதமும் நாரும் உள்ள எதையாவது சாப்பிடுங்கள்.

14. லேபிள்ல எதைப் பார்க்கணும்?

முன்பக்கத்தை விடுங்கள், பின்பக்கப் பொருள் பட்டியலைப் படியுங்கள். அதிகம் உள்ளதே முதலில் வரும். சர்க்கரை, குளுகோஸ் சிரப், மால்டோடெக்ஸ்ட்ரின், டெக்ஸ்ட்ரோஸ் என்று பிரித்துப் போட்டிருந்தால் எல்லாவற்றையும் ஒன்றாகவே எண்ணிக்கொள்ளுங்கள். சமையலறையில் இருக்கவே வாய்ப்பில்லாத பெயர்கள் வரிசையாக வந்தால் அது முதல் கேள்வியின் நான்காம் வகை.

15. எடை குறைக்கற ஊசி போட்டா சாப்பாட்டு நினைப்பே வர்றதில்லையாமே?

பலர் அப்படித்தான் சொல்கிறார்கள். செமாக்ளுடைட் போன்ற மருந்துகள் குடலில் சுரக்கும் ஜிஎல்பி-1 ஹார்மோனைப் போல வேலை செய்கின்றன. அதன் ஏற்பிகள் மூளையிலும் இருப்பதால் பசியோடு அந்த ஓயாத நினைப்பும் அடங்குகிறது. மனஉறுதி கூடாமலேயே ஆசை குறைகிறது என்பதே, இது குணக்கேடு அல்ல என்பதற்கு நல்ல சான்று. ஆனால் ஒரு பெரிய ஆய்வில் மருந்தை நிறுத்தி ஓராண்டில், குறைந்த எடையில் மூன்றில் இரண்டு பங்கு திரும்ப வந்தது. மருத்துவர் சொல்லித்தான் போட வேண்டும், அவர் சொல்லித்தான் நிறுத்த வேண்டும்.

16. மாசக்கணக்கா தொடவே இல்ல. ஊருக்குப் போன இடத்துல ஒண்ணு சாப்பிட்டேன், மறுபடி பழையபடி ஆசை. எல்லாம் வீணா?

வீணில்லை. கற்றதை மூளை அழிப்பதில்லை, அதன்மேல் 'இங்கே இப்போது கிடைக்காது' என்று இன்னொன்றைக் கற்கிறது. அந்தப் புதுப் பாடம் கற்ற இடத்தோடு ஒட்டியிருக்கும். இடம் மாறினால் பழையது எட்டிப் பார்க்கும். நீங்கள் சாப்பிட்டது வேறு ஊரில் என்பதைக் கவனியுங்கள்.

திரும்பி வந்ததும் பழைய ஒழுங்குக்கே போங்கள். ஈடுகட்ட என்று அடுத்த வேளை பட்டினி கிடக்காதீர்கள், பசித்த மூளைக்கு அந்தப் பண்டத்தின் மதிப்பு இன்னும் கூடும். அடுத்த பயணத்துக்கு முன், வழியில் எங்கே எதைப் பார்த்தால் கை போகும் என்று யோசித்து, அந்த நேரத்துக்குச் சாப்பிட வேறொன்றைக் கையில் எடுத்துக்கொண்டு கிளம்புங்கள்.